ஒளிச்சிகிச்சை விளக்கும் இரத்தச் சர்க்கரையும்: மலையூர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியின் மேற்கே கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஆடி முழுதும் விடாது; கிழக்கே கோத்தகிரியிலும், பழனி மலையில் கொடைக்கானலிலும் ஐப்பசி, கார்த்திகையில் மேகம் தெருவுக்கே இறங்கி நிற்கும். வெயிலைக் காணாத அந்த வாரங்களில் உறக்கம் கெட்டு, காலைச் சர்க்கரையும் ஏறும்போது, இணையத்தில் விற்கும் ஒளிச்சிகிச்சை விளக்கு (முன்னால் அமர்ந்து கண்ணில் ஒளி படச் செய்யும் மிகப் பிரகாசமான விளக்கு) இரண்டையும் சரிசெய்துவிடும் என்ற எண்ணம் எழுவது இயல்பே. உறக்கத்தைப் பொறுத்தவரை அந்த எண்ணத்துக்கு அடிப்படை உண்டு. சர்க்கரையைப் பொறுத்தவரை, முறை தவறினால் அளவு ஏறவும் கூடும்.

விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட நரம்புச் செல்கள் சில உள்ளன. ஏறத்தாழ 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை மிக நன்றாக உணரும் இச்செல்கள், பகலா இரவா என்ற செய்தியை மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் உள்ள, உடலின் பகல் இரவுச் சுழற்சியை நடத்தும் தலைமைக் கடிகாரத்துக்கு அனுப்புகின்றன. கல்லீரல், கணையம், தசை ஆகியவற்றின் தனித்தனிக் கடிகாரங்கள் அதையும் உணவு நேரத்தையும் பின்பற்றி ஓடுகின்றன. இரவில் உறக்கத்துக்கு உதவும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் உயரும்போது கணையம் இன்சுலினைக் குறைவாகவே சுரக்கிறது. பகலில் உண்ட அதே உணவு இரவு பத்து மணிக்குக் கூடுதல் சர்க்கரையாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

ஆகவே விளக்கு என்பது கடிகாரத்தைத் திருத்தும் கருவியே தவிர, சர்க்கரை மருந்து அன்று. இதை மறப்பதுதான் முதல் தவறு, மற்றவற்றுக்கெல்லாம் மூலமும் அதுவே. 2017இல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவுள்ள ஆண்களைக் காலை நேரத்தில் 4,000 லக்ஸ் (ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு) ஒளியில் அமர்த்தியபோது, மங்கிய ஒளியில் இருந்ததைவிட அவர்களுடைய வெறும் வயிற்றுச் சர்க்கரையும் உணவுக்குப் பிந்தைய சர்க்கரையும் உயர்ந்தன. நலமாக இருந்தவர்களிடம் அந்த உயர்வு காணப்படவில்லை. சிறிய ஆய்வுதான் என்றாலும், விளக்கை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ குறைக்க நினைப்பவர் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். உறக்கம் ஒழுங்காகி, உணவு நேரம் சீராகி, அதன் வழியாகச் சர்க்கரை மெல்லப் பயன்பெறுவதையே ஒளியிடம் எதிர்பார்க்கலாம்.

அடுத்தது நேரம். ஒருவர் வழக்கமாக எழுவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பு உடல் வெப்பம் மிகக் குறைந்த நிலையைத் தொடும். அதற்குப் பின் கண்ணில் படும் ஒளி உறக்கம் முன்னதாகவே வரும்படி கடிகாரத்தை முன்னோக்கி நகர்த்தும். அதற்கு முன் படும் ஒளி பின்னுக்குத் தள்ளும். ஆறு மணிக்கு எழுபவர், விடியற்காலையில் சர்க்கரை ஏறுகிறதே என்ற கவலையில் மூன்று மணிக்கே விளக்கின் முன் அமர்ந்தால், மறுநாள் உறக்கம் இன்னும் தாமதமாகவே வரும். இரவு உணவுக்குப் பின் அமர்ந்தாலும் அதே விளைவுதான். விடியற்கால உயர்வுக்குக் கார்டிசோல், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை காரணம் என்பதால், அதை மருத்துவரிடம் மருந்தின் அளவும் நேரமும் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

காலையில் அரைமணி நேரம் விளக்கு, இரவில் உறங்கும் வரை தொலைக்காட்சியும் குழல்விளக்கும் என்று இருந்தால் பயனில்லை. அமெரிக்காவில் 2022இல் வெளியான ஆய்வொன்றில், ஒரே ஓர் இரவு 100 லக்ஸ் ஒளியில் உறங்கிய இளம் வயதினருக்கு இதயத்துடிப்பு உயர்ந்தது. மறுநாள் காலையில் இன்சுலின் எதிர்ப்பும் (இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காத நிலை) கூடியிருந்தது. நம் ஊர்களில் காட்டெருமைக்கும் கரடிக்கும் அஞ்சி வாசல் விளக்கை விடிய விடிய எரியவிடுகிறோம். அதை அணைக்கச் சொல்வது முறையன்று. படுக்கையறைச் சன்னலுக்குத் தடித்த திரை போட்டால் போதும். ஆனால் குளிருக்கு அஞ்சி அந்தத் திரையைப் பகலிலும் மூடி வைப்பதே மலைவீடுகளில் நான் பெரிதும் கவலைப்படும் பழக்கம்.

ஏனெனில் சாதாரண அறையின் ஒளி 100 முதல் 300 லக்ஸ் வரைதான். மேகம் கவிந்த வானத்தின் கீழ்கூட வெளியே பெரும்பாலும் ஆயிரக்கணக்கான லக்ஸ் கிடைக்கும். பெட்டியில் அச்சிட்ட 10,000 லக்ஸ் என்பது குறிப்பிட்ட சிறு தொலைவில் மட்டுமே உண்மை. சற்று விலகி அமர்ந்தாலே அது பெரிதும் குறைந்துவிடும். அரைமணி நேரம் 10,000 லக்ஸ் என்ற அந்த முறையே குளிர்காலத்தில் பகல் மிகச் சுருங்கும் வடநாடுகளின் மனச்சோர்வுக்காக வகுக்கப்பட்டது. ஊட்டியில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம். எனவே காலைத் தேநீரை அடுப்படியில் குடிக்காமல் திண்ணையில் குடிப்பதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. இந்த உயரத்தில் புற ஊதாக் கதிர் சமவெளியைவிட மிகுதி.

சிவப்பு விளக்கை இதனோடு குழப்பக்கூடாது. 2024இல் வெளியான ஒரு லண்டன் ஆய்வில் 670 நானோமீட்டர் சிவப்பொளியை முதுகில் 15 நிமிடம் பாய்ச்சியபோது, குளுக்கோஸ் குடித்தபின் வரும் உயர்வு 27.7 சதவீதம் குறைந்தது. ஆனால் அது கடிகாரத்தின் வழியே அன்றி, செல்களில் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா வழியே நடப்பதாகக் கருதப்படுகிறது. பங்கேற்ற 30 பேரும் நீரிழிவு இல்லாதவர்கள். தோல் நோய்க்கான புற ஊதா விளக்கை இதற்குப் பயன்படுத்துவது கண்ணுக்கும் தோலுக்கும் கேடு.

நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தால், கண் மருத்துவர் பார்க்காமல் விளக்கைத் தொடக்கூடாது. டாக்சிசைக்ளின், அமியோடரோன் போன்ற மருந்துகள் ஒளி பட்டால் உடல், குறிப்பாகத் தோல், எளிதில் பாதிக்கப்படும் நிலையைத் தூண்டக்கூடும். இருமுனை மனநோய் உள்ளவருக்கு வலுவான ஒளி மிகையெழுச்சியை (மேனியா என்ற அளவுமீறிய மனக்கிளர்ச்சி) கிளப்பிவிடலாம்.

தேயிலைத் தொழிற்சாலையில் இரவுப் பணி பார்ப்பவருக்கு மேலே சொன்ன காலை நேர விதி அப்படியே பொருந்தாது. 2021இல் வெளியான ஓர் ஆய்வில், இரவுப் பணியைப் போன்ற சூழலில் வைக்கப்பட்டவர்களுள் இரவிலும் உண்டவர்களுக்குச் சர்க்கரை உயர்ந்தது. பகலில் மட்டும் உண்டவர்களுக்கு உயரவில்லை. அதற்காக இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் தாமாக இரவுணவை நிறுத்தினால் சர்க்கரை ஆபத்தாகத் தாழ்ந்துவிடும். அவர்கள் தம் பணிநேரத்தையும் உணவு நேரத்தையும், இரண்டு வாரக் குளுக்கோமீட்டர் அளவுகளோடு எழுதி எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டிய பிறகே எதையும் மாற்ற வேண்டும்.