டிஸ்கோ உடைக்குத் துணி எடுக்கும் முன் விளக்கை அணையுங்கள்

மாறுவேட விருந்துக்கு டிஸ்கோ உடை வேண்டும் என்று யார் வந்து கேட்டாலும், நான் முதலில் செய்வது அறையின் விளக்கை அணைப்பதுதான். கையில் நாலைந்து துணித் துண்டுகள், ஒரு டார்ச். வந்தவரின் தோளில் ஒவ்வொரு துண்டாகப் போட்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்து, தோளை மெல்ல அசைக்கச் சொல்வேன். பகல் வெளிச்சத்தில் கண்ணைப் பறித்த ஆரஞ்சுப் பூப்போட்ட பருத்தித் துணி அங்கே மங்கிப்போய்விடும். யாரும் திரும்பிப் பார்க்காத சாம்பல் நிற சாட்டினோ, மடிப்புக்கு மடிப்பு வெள்ளிக் கம்பி ஓடுகிற மாதிரி மின்னும். எந்தத் துணி எடுப்பது என்ற பேச்சு அதோடு முடிந்துவிடும்.

டிஸ்கோ இருட்டில் பிறந்தது. 1970-ல் நியூயார்க்கில் டேவிட் மன்குசோ தன் வீட்டிலேயே நடத்தத் தொடங்கிய 'தி லாஃப்ட்' விருந்துகள் முதல் 1977-ல் அங்கே திறந்த ஸ்டுடியோ 54 என்ற நடன விடுதி வரை, இருண்ட கூடமும் சுழலும் கண்ணாடி உருண்டையும்தான் அதன் உலகம். அந்த வெளிச்சப் புள்ளிகளை வாங்கித் திருப்பித் தருகிற துணியும், ஆடும்போது கூடவே ஆடுகிற வெட்டும் இருந்தால் போதும். பாலியெஸ்டர், சாட்டின், ஜரிகை ஓடும் லூரெக்ஸ், வழவழப்பான நைலான் ஜெர்சி, இவைதான் அந்தக் காலத்துத் துணிகள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நெற்றிப் பட்டை, சமாதானச் சின்னம், முடிச்சுச் சாயம் போட்ட பனியன் எல்லாம் 60-களின் ஹிப்பிகளுடையவை. அவற்றை டிஸ்கோவோடு கலக்காதீர்கள். பொம்மை மாதிரி ஊதிய சுருட்டைமுடி விக்கும் வேண்டாம். டிஸ்கோவை வளர்த்ததில் கறுப்பின மக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்களுடைய சொந்த முடியை வேடிக்கைப் பொருளாக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, பெல்பாட்டத்துக்கு வருவோம். இதில் செலவழிக்கும் நேரம் ஒருபோதும் வீண் போகாது. பழைய நேரான பேன்ட் ஒன்று போதும். தொடையில் கச்சிதமாக இருக்க வேண்டும். ஜீன்ஸின் இரட்டைத் தையலைப் பிரிக்கக் கை நோகும், ஃபார்மல் பேன்ட் சுலபம். கீழ்ச்சுற்று 16 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். அதை 26 ஆக்கினால் நல்ல மணி விழும். கூட்ட வேண்டிய 10 இன்ச்சையும் வெளித் தையலிலேயே வைத்தால் கால் ஒரு பக்கமாகச் சாயும். அதனால் உள்தையல், வெளித்தையல் இரண்டையும் முழங்காலிலிருந்து கீழ்வரை பிரித்து, பக்கத்துக்கு 5 இன்ச் வருகிற மாதிரி முக்கோணத் துண்டு வையுங்கள். தையலுக்கு இருபுறமும் அரை இன்ச் சேர்த்து, முக்கோணத்தின் அடி 6 இன்ச். இரண்டு காலுக்கும் சேர்த்து நான்கு துண்டுகள்.

முக்கோணத்தின் நடுக்கோடு துணியின் நேர் இழையில், அதாவது நெய்த ஓரத்துக்கு இணையாக இருக்கட்டும். அடியை நேர்கோடாக வெட்டாமல், உச்சியிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே நீளம் வருகிற மாதிரி லேசாக வளைத்து வெட்டுங்கள். உச்சிதான் சிரமமான இடம். அங்கே குண்டூசி குத்தி நிறுத்தி, உச்சியிலிருந்து கீழ்நோக்கித் தையுங்கள். கீழிருந்து மேலே போனால் உச்சியில் ஒரு சுருக்கம் சேர்ந்துவிடும், இஸ்திரி போட்டாலும் போகாது. தைத்த பிறகு ஓர் இரவு மாட்டித் தொங்கவிடுங்கள். முக்கோணத்தின் சாய்வாக வெட்டிய பக்கங்கள் துணியின் கனத்தில் கொஞ்சம் இறங்கும். அப்புறம்தான் ஓரம் மடிக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது, வெள்ளை பேன்ட்டில் வெள்ளி லூரெக்ஸ் முக்கோணம். நிற்கும்போது அது மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். காலை வீசும்போது மட்டும் பளீரென்று திறந்து மூடும். என் அக்கா மகனுக்கு அப்படித்தான் தைத்தேன். ஆனால் அவனை வெறுங்காலில் நிற்க வைத்து ஓரம் குறித்துவிட்டேன். விருந்தன்று உயர்ந்த ஹீல் போட்டதும் கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. அன்றிலிருந்து எனக்கு முதலில் செருப்பு, பிறகுதான் அளவு. பின்பக்கம் தரையிலிருந்து அரை இன்ச் மேலே முடிந்தால் சரியாக இருக்கும்.

செருப்புக்கு அதிகம் அலைய வேண்டாம். பெல்பாட்டம் முக்கால்வாசியை மூடிவிடும், முன்நுனிதான் தெரியும். தடித்த, அகலமான ஹீல் உள்ள எதுவும் சரி. சாதாரணச் செருப்பின் அடியில் பஞ்சுக் கட்டையை ஒட்டி உயரம் கூட்டும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். ஆடும்போது பிய்ந்தால் கணுக்கால் சுளுக்கிக்கொள்ளும்.

சட்டையில் எல்லாம் காலர்தான். நுனி 4 இன்ச் நீளமாவது இருந்தால்தான் 70-கள் தெரியும். சாட்டின் சட்டையின் காலரைப் பிரித்து, அதே வடிவத்தை நுனியில் நீட்டி வரைந்து, உள்ளே கேன்வாஸ் வைத்துப் புதிதாகத் தைத்துக்கொள்ளலாம். கேன்வாஸ் இல்லாவிட்டால் அரைமணி நேரத்தில் காலர் துவண்டு போகும். மேலே கோட் போடுவதானால் காலரை வெளியே எடுத்து, கோட்டின் மடிப்பு மேல் விரித்துவிடுங்கள். 1977-ல் வந்த 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படத்தில் ஜான் டிரவோல்டா போட்ட வெள்ளை பாலியெஸ்டர் சூட்டும் கறுப்புச் சட்டையும் இன்றும் செல்லுபடியாவதற்கு நியாயம் இருக்கிறது. எந்த நிற விளக்கு விழுந்தாலும் வெள்ளை அந்த நிறமாகிவிடும். கோட்டுக்குள் மெல்லிய பருத்தி பனியன் அவசியம், பாலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாது.

கவுன்தான் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு வழி. கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போடும் ஹால்டர் வகை, ஸ்டுடியோ 54-க்கு அடிக்கடி வந்துபோன வடிவமைப்பாளர் ஹால்ஸ்டனின் பெயரோடு சேர்ந்தது. இன்னொன்று, 1974-ல் வடிவமைப்பாளர் டயான் வான் ஃபர்ஸ்டன்பெர்க் கொண்டுவந்த, சுற்றி இடுப்பில் கட்டும் ஜெர்சி கவுன். இது யார் உடம்புக்கும் ஒத்துப்போகும். முதல் தடவை என்றால் இதையே எடுங்கள்.

சம்கித் துணி ஆசை எல்லோருக்கும் வரும். தைக்கும் கோட்டில் இருக்கிற சம்கிகளை முதலில் ஒவ்வொன்றாக உதிர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் மெஷின் ஊசி உடைந்து தெறிக்கும். சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் சம்கி சுருங்கி உருகும். அக்குளில் சம்கி உரசினால் தோல் சிவந்துவிடும், அங்கே மட்டுமாவது மென்மையான துணியில் உள்வரி வையுங்கள். இவ்வளவுக்கும் பொறுமை இல்லாதவர்கள் இடுப்புப் பட்டியையும் மணிக்கட்டுப் பட்டையையும் மட்டும் சம்கியில் செய்துகொள்ளலாம். நகரும் இடங்களில் மின்னினால் அதுவே நிறைய.

முகத்தில் பூசும் மினுக்குத் தூள் அழகுசாதனத்துக்கென்றே செய்ததாக இருக்கட்டும். கைவினை வேலைக்கான தூள் கண்ணில் விழுந்தால் கருவிழியைக் கீறிவிடும். முடியை நடுவகிடு எடுத்து, இருபக்கமும் வெளிப்புறமாகப் பின்னோக்கிச் சீவினால் போதும்.

விருந்துக்கு முந்தின நாள் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, ஒரு பாட்டு முழுவதும் ஆடிப் பாருங்கள். கையை மேலே தூக்குங்கள், குனியுங்கள், ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எந்தத் தையல் பிரிகிறது, எங்கே குத்துகிறது என்று அப்போது தெரிந்துவிடும். அவற்றை அன்றைக்கே சரிசெய்துவிட்டு, பேன்ட் பையில் நான்கு ஊக்கு போட்டு வையுங்கள்.