மேய்க்கால் நிலம் குப்பைமேடாகும்போது: தருமபுரி ஊர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம் பக்கத்து ஊர்களில் குப்பை குறித்து எழும் ஒவ்வொரு புகாரும் மூன்று மனுக்களாகப் பிரிந்து மூன்று திசைகளில் போவதே வழக்கமாக இருக்கிறது. குப்பை என்றால் ஊரக வளர்ச்சித் துறை, நிலம் என்றால் வருவாய்த் துறை, மாடு செத்துப்போனால் கால்நடை பராமரிப்புத் துறை. ஆனால் குப்பை கொட்டப்படும் இடமும், மாடு மேயும் இடமும், அரசுப் பதிவேட்டில் மேய்க்கால் (ஊர் மாடுகள் மேய்வதற்கான பொது நிலம்) என்றோ ஓடை என்றோ எழுதப்பட்டிருக்கும் இடமும் பல ஊர்களில் ஒரே புல எண்ணுக்குள்தான் அடங்குகின்றன. இதைக் கவனியாமல் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்ப்பதிலிருந்துதான் கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

நிலத்தின் வகைப்பாட்டைப் பார்க்காமலே பேச்சைத் தொடங்குவது முதல் தவறு. ஊர்ப் பேச்சில் எல்லாம் ‘பொறம்போக்கு’ என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. கிராமத்தின் நில விவரங்களைச் சொல்லும் அ-பதிவேட்டிலோ மேய்க்கால், ஏரி, ஓடை, களம், மந்தைவெளி, சுடுகாடு, பாறை, கல்லாங்குத்து, தீர்வை ஏற்படாத தரிசு என்று ஒவ்வொன்றும் தனி வகையாகப் பதிவாகியிருக்கிறது. எந்த வகை என்பதைப் பொறுத்தே யார் பொறுப்பு, எந்தச் சட்டம் பொருந்தும் என்பதும் மாறுகிறது. மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுத்தால் அ-பதிவேட்டின் விவரத்தையும் புல வரைபடத்தையும் அரசின் இணையச் சேவையில் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். இந்தச் சிறிய வேலையைச் செய்யாமல் எழுதப்படும் மனு, ‘தங்கள் மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்ற பதிலோடு நின்றுவிடுகிறது.

இதைவிடப் பெரிய தவறு, கிராம சபையில் தீர்மானம் போட்டுவிட்டால் மேய்க்கால் நிலத்தைக் குப்பை கொட்டும் இடமாக மாற்றிக்கொள்ளலாம் என்று நம்புவது. ஊராட்சி அந்த நிலத்தைப் பராமரிக்கலாம். ஆனால் நிலத்தின் வகையை மாற்றும் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லை, அதற்கு வருவாய்த் துறையின் ஆணை வேண்டும். கிராமப் பொது நிலங்கள் குறித்து உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் அளித்த தீர்ப்பு, அவற்றின் மீதான ஆக்கிரமிப்புகளை அகற்றி நிலத்தை மக்களின் பொதுப் பயனுக்கு மீட்டுத்தர ஒவ்வொரு மாநிலமும் திட்டம் வகுக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. இந்தத் தீர்ப்பைத் தனியார் ஆக்கிரமிப்புக்கு எதிராக மட்டுமே மேற்கோள் காட்டுகிறார்கள். ஊராட்சியின் டிராக்டரே கொண்டுபோய்க் கொட்டும் குப்பையும் அதே நிலத்தை மேய்ச்சலுக்கு ஆகாததாக்கிவிடுகிறது என்பதை ஏனோ யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஏரி, குளம் என்று வரும்போது சட்டத்தைத் தவறாகக் குறிப்பிடுவதும் அடிக்கடி நடக்கிறது. 2007 ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்த, இன்று நீர்வளத் துறை பார்த்துக்கொள்ளும் ஏரிகளுக்கானது. நூறு ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உடைய சிற்றேரிகள் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கின்றன. அவற்றுக்கு 1905 ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வட்டாட்சியரை அணுகுவதே சரியான வழி. குப்பைக் கிடங்கு எங்கே அமையலாம் என்பதற்கு, 2026 ஏப்ரலில் புதிய விதிகள் நடைமுறைக்கு வரும்வரை இருந்த 2016 ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இந்தத் தூரங்களை வகுத்திருந்தன: ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளம், நெடுஞ்சாலை, குடியிருப்பு, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டர். ஏரிக்கரையை ஒட்டிய குப்பைமேடு இந்தத் தூர விதியை நிறைவு செய்திருக்கவே முடியாது.

மேய்க்கால் நிலம் போனால் என்ன, மாட்டைக் காட்டுக்கு ஓட்டிக்கொள்ளலாமே என்ற பேச்சும் இனி எடுபடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் காப்புக்காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022 இல் காவேரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலத்தின் எல்லாக் காடுகளிலும் கால்நடை மேய்ச்சலுக்கு முதலில் தடை விதித்து, பின்னர் அந்தத் தடையைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. ஒகேனக்கல் பக்கத்துக் காவிரிக்கரை ஊரின் பெயரைத் தாங்கிய ஆலம்பாடி மாடு, பட்டியில் அடைத்து ஓட்டிச்சென்று மேய்க்கப்பட்ட இனம். காட்டின் வாசல் சுருங்கிய பிறகு இத்தகைய மந்தைகளுக்கு எஞ்சியிருப்பது ஊர்ப் பொது நிலம்தான். நாட்டு மாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று மேடையில் பேசிவிட்டு, அது மேய வேண்டிய இடத்தில் குப்பை வண்டியை நிறுத்துவது முரண்பாடாகத் தெரியவில்லையென்றால் என்ன சொல்வது?

குப்பையைத் தின்னும் மாட்டைப் பற்றி, ‘அது வேண்டாததைத் துப்பிவிடும்’ என்று நம்புவோர் இன்னும் இருக்கிறார்கள். மாடு நாக்கால் சுழற்றி இழுத்து, அரைகுறையாக மென்று விழுங்கிவிட்டுப் பிறகுதான் அசைபோடுகிறது. அதன் நாக்கிலுள்ள முட்களோ உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால், வாய்க்குள் போன கேரி பேக் வெளியே வருவது அரிது. மீந்த சோற்றையும் காய்கறித் தோலையும் பையில் போட்டு முடிச்சுப் போட்டு எறிகிறோம். சோற்றின் வாசனைக்காக மாடு முடிச்சோடு பையையும் சேர்த்து விழுங்குகிறது. பெருவயிற்றில் சேரும் பைகள் நூலோடும் கயிறோடும் பின்னிப் பிணைந்து உருண்டையாகி, தீவனம் நகர இடமில்லாமல் செய்துவிடுகின்றன. இடது வயிறு உப்புகிறது, சாணம் குறைகிறது, பால் வற்றுகிறது. அறுவைச் சிகிச்சையில் திறந்து எடுப்பதைத் தவிர அப்போது வேறு வழி இருப்பதில்லை. கம்பித் துண்டும் ஆணியும் இதைவிட மோசமானவை. அவை இரண்டாவது வயிற்றறையில் தங்கி, முன்னால் இருக்கும் இதயம் வரை குத்திச் சென்றுவிடக்கூடும். அலைதாடியில் நீர் கோத்து வீங்கிய மாட்டைப் பார்த்ததும் மருத்துவர்கள் முதலில் ஐயப்படுவது இதைத்தான்.

இரக்கத்தால் செய்யும் தவறு ஒன்றும் உண்டு. கல்யாண மண்டபத்தில் மீந்த சோற்றையும் பாயசத்தையும் அண்டாவோடு கொண்டுவந்து மேய்ச்சல் நிலத்தில் கொட்டுவதைப் புண்ணியம் என்று நினைக்கிறார்கள். நார்த்தீவனத்துக்குப் பழகிய வயிற்றில் மாவுச்சத்து ஒரே நேரத்தில் நிறையப் போனால் அமிலம் பெருகி, மாடு தள்ளாடி, புளித்த நாற்றத்தோடு கழிந்து, ஓரிரு நாளில் இறந்தும் போகலாம். பொங்கலை ஒட்டிய நாள்களில் கால்நடை மருந்தகங்களுக்கு இப்படி வரும் மாடுகளைப் பற்றிக் கேட்டால் இதன் கனம் புரியும். இதே ஊர்களில் மாம்பழப் பருவத்தில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது: கொட்டிக் கிடக்கும் மாங்கொட்டையைக் கடிக்காமல் விழுங்கும் மாட்டுக்கு அது தொண்டையில் அடைத்துக்கொள்கிறது. கம்பை விட்டுத் தள்ளிப் பார்க்காமல் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைப்பதே நல்லது.

தக்காளி விளையும் வட்டாரத்தில் குப்பை என்றால் வீட்டுக் குப்பை மட்டும் அல்ல. சொட்டுநீர்க் குழாயோடு மண்ணை மூடி விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பான மல்ச்சிங் ஷீட் அறுவடை முடிந்ததும் கிழிந்து, மண்ணும் வேருமாக வரப்போரம் சுருட்டி வைக்கப்படுகிறது. ஆடிக் காற்றில் அது பறந்து பக்கத்து மேய்ச்சல் நிலத்து முள்செடிகளில் தொங்குகிறது, அல்லது மாலையில் தீ வைக்கப்படுகிறது. மாநில அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களின் பட்டியலில் இது இல்லை என்பதால், இதற்குக் கட்டுப்பாடே கிடையாது என்று முடிவு கட்டுவது தவறு. 2016 ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் கிராம ஊராட்சிகளுக்கும் பொறுப்பு வைக்கின்றன. திறந்தவெளியில் எரிப்பதற்கும் இடம் தரவில்லை. வீடு வீடாக வரும் தூய்மைக் காவலரிடம் வயலின் ஷீட்டை ஒப்படைக்க முடியாது. அவருடைய தள்ளுவண்டி அதற்கானதும் அன்று. பருவம் முடியும் வாரத்தில் ஊராட்சியின் குப்பைப் பிரிப்புக் கூடத்தில் ஷீட்டையும் பூச்சிமருந்து டப்பாக்களையும் தனித்தனியே பெற்றுக்கொள்ள ஏற்பாடு கேட்டு, அதைக் கிராம சபைத் தீர்மானமாக்கலாம். அந்த டப்பாக்களைக் கழுவித் தண்ணீர் மொள்ளப் பயன்படுத்துவது பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

விலை விழுந்த நாளில் காட்டோரத்தில் கொட்டப்படும் தக்காளி, பன்றியையும் யானையையும் ஊர்ப்பக்கம் இழுக்கிறது. பிறகு அவற்றை விரட்ட மின்வேலி வருகிறது. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் பாய்ச்சுவதும், நொடிக்கும் குறைவான துடிப்பாகத் தரும் சூரியசக்தி வேலியும் ஒன்றல்ல. காப்புக்காட்டை ஒட்டிய பகுதிகளில் இரண்டாவது வகைக்கும் 2023 ஆம் ஆண்டு விதிகளின்படி வனத்துறையின் அனுமதி தேவை.

நாய்களைப் பொறுத்தவரை, கோழிக்கடைக் கழிவைக் குப்பைமேட்டில் கொட்டிக்கொண்டே நாயைப் பிடித்துப் போகச் சொல்வதில் பயனில்லை. தீனி இருக்கும்வரை ஒரு கூட்டம் போனால் இன்னொரு கூட்டம் வரும், ஆட்டுப்பட்டிக்குள்ளும் நுழையும். விஷம் வைப்பது குற்றம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325 ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. நாய்களுக்கான 2023 ஆம் ஆண்டின் கருத்தடை விதிகள் கருத்தடை, தடுப்பூசிப் பொறுப்பை உள்ளாட்சி அமைப்பின் மீதுதான் வைத்திருக்கின்றன.

பால் வற்றிய மாட்டையும் கலப்பினக் காளைக் கன்றையும் குப்பைமேட்டுப் பக்கம் அவிழ்த்து விடுவோர், சட்டத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று நினைப்பதற்குக் காரணம் உண்டு. 1960 ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், பட்டினி கிடக்கும்படி விலங்கைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல் முறைக்கான அபராதமோ 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். இந்தத் தொகையை இத்தனை ஆண்டுகள் மாற்றாமல் வைத்திருப்பது அரசின் தவறு. அதை ஊர்க்காரர் தலையில் கட்ட முடியாது.

செத்த மாட்டை மேய்க்கால் ஓரத்தில் இழுத்துப் போடுவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது. மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் கசிந்திருந்தால் அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ் நோயாக) இருக்கலாம். அந்த உடலை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது, உடனே கால்நடை உதவி மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். அடைப்பான் கிருமியின் வித்து மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும் என்பதால், ஒரு மாட்டைப் போட்ட இடத்தில் பேரன் காலத்து மாடும் நோய்வாய்ப்படலாம். ஆறடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டு, நீர்நிலைக்குத் தள்ளிப் புதைப்பதே முறை.

அடைப்பான் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த இறப்புகளில், பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று விட்டுவிடுவதும் இழப்புதான். பெருவயிற்றில் பிளாஸ்டிக் இருந்ததாக மருத்துவர் எழுதிக் கொடுக்கும் சான்று, அந்தப் புல எண்ணின் அ-பதிவேட்டு நகல், புல வரைபடம், குப்பைமேட்டின் தேதியிட்ட புகைப்படம் ஆகிய நான்கையும் ஒரே மனுவில் இணைத்து, வட்டாட்சியருக்கும் கிராம ஊராட்சிகளுக்கான வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஒரே நாளில் கொடுத்து, நகலைத் திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் பதிவு செய்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். ஊராட்சித் தலைவர் பதவியில் இல்லாத காலத்திலும் தனி அலுவலர் என்று ஒருவர் பொறுப்பில் இருப்பார் என்பதால், மனுவைப் பெற்றுக்கொள்ள ஆளில்லை என்ற பதிலை ஏற்றுக்கொண்டு திரும்பி வர வேண்டியதில்லை.