தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து பெரிய அரங்கின் இசை நிகழ்ச்சிக்குச் செல்வோருக்கு

பெங்களூரிலோ சென்னையிலோ ஒரு பெரிய இசை நிகழ்ச்சி அறிவிக்கப்பட்டால், நம் இரு மாவட்டங்களிலிருந்தும் செல்ல விரும்புவோர் முதலில் பார்ப்பது டிக்கெட் விலையைத்தான். ஆனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது, நிகழ்ச்சி முடிந்தபின் இரவில் எப்படி ஊர் திரும்புவது என்பதை. பாட்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். போவதும் வரிசையில் நிற்பதும் கூட்டத்திலிருந்து வெளியேறி வீடு சேர்வதும் சேர்ந்து ஒரு முழு நாளை எடுத்துக்கொள்ளும். திரும்பும் வழியைத் தெளிவாக வைத்திருப்பவரே கடைசிப் பாட்டுவரை மனம் அலையாமல் கேட்கிறார்.

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 90 கிலோமீட்டர், தருமபுரியிலிருந்து சுமார் 135 கிலோமீட்டர். சென்னை இதைப்போல இரண்டு மூன்று மடங்கு தொலைவு என்பதால், அங்கே ஓர் இரவு தங்கும் ஏற்பாட்டுடன் செல்வதே நல்லது. பெங்களூருக்குச் செல்வோருக்கு இப்போது ஒரு நல்ல வசதி உண்டு. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை மெட்ரோவின் மஞ்சள் தடம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2024 நவம்பரில், பச்சைத் தடம் மாதாவரா வரை நீட்டிக்கப்பட்டிருந்தது. ஆகவே ஓசூர், அத்திப்பள்ளி வழியாகப் பேருந்தில் வந்து பொம்மசந்திராவில் இறங்கி, ஆர்.வி. ரோட்டில் ஒரே ஒரு முறை ரயில் மாறினால், பெரிய நிகழ்ச்சிகள் நடக்கும் மாதாவரா பகுதிக்கு சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் சிக்காமலே போய்விடலாம். மெட்ரோ அட்டையில் போவதற்கும் வருவதற்கும் சேர்த்துப் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள்; திரும்பும்போது டிக்கெட் வாங்கும் வரிசைதான் மிக நீளமாக இருக்கும். கடைசி ரயிலின் நேரத்தை இரண்டு தடங்களுக்கும் தனித்தனியாக, அன்றைய அறிவிப்பில் பார்த்துக் குறித்துக்கொள்வது அவசியம்.

நிகழ்ச்சி முடியும் நேரத்தைப் பெரும்பாலும் முன்கூட்டியே கணிக்கலாம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, சிறப்பு அனுமதி இல்லாமல் திறந்தவெளியில் இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பதால், பெரிய நிகழ்ச்சிகள் 10 மணியை ஒட்டி முடிகின்றன. நம் ஊர்த் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தைப்போல இடையில் எழுந்து வீட்டுக்குப் போய்த் திரும்பி வரவும் இங்கே முடியாது. ஒருமுறை வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள்.

டிக்கெட்டை நிகழ்ச்சி நடத்துவோர் அறிவித்த செயலியில் மட்டும் வாங்குங்கள். வாட்ஸ்அப் குழுவிலும் இன்ஸ்டாகிராமிலும் அறிமுகமில்லாதவர் அனுப்பும் டிக்கெட் கியூஆர் படத்தை நம்பிப் பணம் செலுத்த வேண்டாம். ஒரே படத்தைப் பத்துப் பேருக்கு விற்க முடியும், வாசலில் முதலில் காட்டுபவருக்கு மட்டுமே அது செல்லும். வரியும் சேவைக் கட்டணமும் கடைசிப் பக்கத்தில்தான் சேரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்குமுன் அரங்க வரைபடத்தைப் பார்த்து, அந்தப் பகுதி உட்காருவதற்கா நிற்பதற்கா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். மேடைக்கு மிக அருகில் உள்ள விலையுயர்ந்த பகுதி பெரும்பாலும் நிற்கும் பகுதி. பெற்றோரையோ சிறு குழந்தையையோ அழைத்துச் செல்பவர், மேடைக்குச் சற்றுத் தள்ளி இருந்தாலும் எண்ணிட்ட இருக்கையையே எடுக்க வேண்டும்.

வாசல் திறக்கும் நேரம், நிகழ்ச்சி தொடங்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக இருக்கும். அந்த நேரத்தையே உங்கள் நேரமாகக் கொள்ளுங்கள். 2023 செப்டம்பர் 10 அன்று சென்னைப் பனையூரில் நடந்த ஏ.ஆர். ரஹ்மான் நிகழ்ச்சியில், டிக்கெட் வைத்திருந்த பலரே கூட்டத்தால் உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்கள் என்பதை நினைவில் வைப்பது நல்லது. பெரிய பை, தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், குடை, லைட்டர், பெரிய கேமரா ஆகியவற்றைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. ஓசூரிலிருந்து பைக்கில் செல்லும் இளைஞர்கள் ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்று முன்பே யோசிக்க வேண்டும். கையில் எடுத்துக்கொண்டு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். மழைக்கு, மடித்துப் பாக்கெட்டில் வைக்கும் மெல்லிய மழைக்கோட்டு போதும். பல ஆயிரம் பேர் ஒரே இடத்தில் கூடும்போது இணையம் இழுக்கும், யுபிஐ நின்றுபோகும். எனவே டிக்கெட்டை வீட்டிலேயே செல்பேசியில் பதிவிறக்கி வைத்து, அடையாள அட்டையையும் கொஞ்சம் ரொக்கத்தையும் எடுத்துச் செல்லுங்கள். பிரிந்துவிட்டால் எந்த வாசலில் சந்திப்பது என்பதையும் நுழையும்போதே பேசிக்கொள்ளுங்கள்.

ஒலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நாம் பணம் கொடுப்பது அதற்காகத்தான். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் வருகிறது. மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருப்பவருக்குப் பாடகரின் குரல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நொடி தாமதமாக வந்து சேரும். பெரிய திரையில் வாயசைவும் பாட்டும் பொருந்தாமல் தெரிவதற்குக் காரணம் இதுதான். ஒலிக்கலவைப் பொறியாளர்கள் மைதானத்தின் நடுவே, மேடைக்கு நேர் எதிரே ஒரு மேடை அமைத்து அமர்ந்திருப்பார்கள். அவர்கள் தம் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் எல்லாக் கருவிகளையும் சமன் செய்கிறார்கள் என்பதால், அந்த இடத்தின் அருகில் கிடைக்கும் இருக்கையே இசைக்கு மிகச் சிறந்தது என்பது என் கருத்து. முகத்தைக் கிட்டத்தில் பார்க்க விரும்புவோருக்கு முன்வரிசை. பாட்டைப் பாட்டாகக் கேட்க விரும்புவோருக்கு நடுப்பகுதி. பெரிய ஸ்பீக்கர் அடுக்குகளுக்கு நேர்முன்னே மட்டும் நிற்க வேண்டாம். இத்தகைய நிகழ்ச்சிகளில் ஒலி 100 டெசிபலை எளிதில் தொடும். அந்த அளவில் 15 நிமிடங்களுக்குமேல் கேட்பது செவிக்குத் தீங்கு என்று அமெரிக்கப் பணிநல ஆய்வு நிறுவனமான நியோஷின் வரம்பு கூறுகிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் நுரைப்பஞ்சு காதடைப்பான் விலை குறைவு. அதை அணிந்தாலும் பாட்டு நன்றாகவே கேட்கும். குழந்தைகளுக்கு இது கட்டாயம்.

கூட்ட நெரிசலை யாரும் இலேசாக எண்ணக் கூடாது. 2025 ஜூன் 4 அன்று பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியத்தின் வாசல்களில் ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் உயிரிழந்தார்கள். அது கிரிக்கெட் வெற்றி விழா என்றாலும், வாசலில் கூட்டம் அழுத்தும் விதம் எங்கும் ஒன்றே. ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்குமேல் நிற்கத் தொடங்கினால், தனி ஒருவர் தன் விருப்பப்படி நகர முடியாமல் போகிறது. இத்தகைய நெரிசலில் பலர் மிதிபட்டு இறப்பதில்லை, மார்பு அழுந்தி மூச்சு விட முடியாமலே இறக்கிறார்கள். நான்கு பக்கமும் பிறர் உடல் உங்கள் மேல் ஒட்டுவதை உணர்ந்த உடனே, பாட்டு எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும், பக்கவாட்டில் நகர்ந்து வெளியேறுங்கள். நகர முடியாத நிலை வந்துவிட்டால், இரு கைகளையும் மடக்கி மார்புக்கு முன்னே வைத்து மூச்சுக்கு இடம் உண்டாக்கிக்கொண்டு, தள்ளுபவரை எதிர்த்துத் தள்ளாமல், அலையின் போக்கிலேயே ஓரத்தை நோக்கிச் சாய்ந்து நகர வேண்டும். கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியவே கூடாது. உள்ளே நுழைந்ததும் உங்களுக்கு மிக அருகில் உள்ள வெளியேறும் வழியைப் பார்த்து வையுங்கள். நுழைந்த வாசலே எப்போதும் அருகில் இருப்பதில்லை.

சென்னை நேரு ஸ்டேடியம் போன்ற சுமார் 40,000 பேர் அமரும் அரங்கம் நிறைந்து கலையும்போது, 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 70,000 பேர் வாழ்ந்த தருமபுரி நகரத்தில் பாதிக்குமேல் ஒரே நேரத்தில் தெருவில் இறங்கியதாகக் கொள்ளலாம். அவசரப் பயணம் இல்லாதவர்கள் கடைசிப் பாட்டுக்குப்பின் இருக்கையிலேயே இருபது நிமிடம் அமர்ந்து, பிறகு எழுவது நல்லது. கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியவர்களோ இரண்டு பாட்டுக்கு முன்பே கிளம்பிவிட வேண்டும். வாடகைக் காரை அரங்க வாசலுக்கு அழைக்காமல், ஒரு கிலோமீட்டர் நடந்து சென்று அழைத்தால் விரைவில் வரும். சேலம், தருமபுரி செல்லும் இரவுப் பேருந்துகளை மடிவாளாவிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் பிடிக்கலாம். முன்பதிவு செய்திருந்தால் கவலை குறையும். சொந்தக் காரில் வந்தவர்களில், ஓட்டுபவர் முந்தைய இரவு நன்றாக உறங்கியிருக்க வேண்டும். நள்ளிரவுக்குப்பின் கண் சொருகுவதாகத் தோன்றினால் கிருஷ்ணகிரிவரை ஓட்டியே தீர வேண்டும் என்று நினைக்காமல், ஓசூரில் உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கி, காலையில் புறப்படுங்கள்.