தெரபியைப் பாதியில் விடுவதற்கு முன்

"ரெண்டு தடவை போனேன். சும்மா பேசத்தான் செஞ்சாங்க, ஒண்ணும் ஆகலை." தெரபியை, அதாவது மனநலப் பேச்சு சிகிச்சையை, விட்டவர்கள் பலரும் சொல்வது இது.

பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் பரவலாகத் தரப்படும் சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை), 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் வகுத்த முறை. வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக, பொதுவாக 12 முதல் 20 அமர்வுகள் வரை போகும். இரண்டாவது வாரத்திலேயே தீர்ப்பு எழுதுவது அவசரம். அதைவிடப் பெரிய தவறு, பிடிக்காததைச் சொல்லாமலே நின்றுவிடுவது. "போன வாரம் நீங்க சொன்னது மனசைக் குத்திடுச்சு" என்று தெரபிஸ்டிடமே சொல்லலாம். சிகிச்சை சூடுபிடிப்பதே பல நேரம் அங்கேதான். சொல்லியும் ஒத்துவராவிட்டால் ஆளை மாற்றுங்கள், தப்பே இல்லை.

அடுத்தது, வீட்டில் செய்யச் சொன்னதைச் செய்யாமல் போவது. லிஃப்ட்டைக் கண்டாலே நெஞ்சு படபடக்கும் ஒருவர் படியேறிப் போனால் அந்த நிமிடம் நிம்மதிதான். ஆனால் 'ஏறாததால் பிழைத்தேன்' என்று மூளை கணக்கு எழுதிக்கொள்ளும். அடுத்த முறை பயம் இன்னும் கூடும். அதனால்தான் முதலில் லிஃப்ட் வாசலில் நிற்பது, பிறகு உள்ளே ஏறி உடனே இறங்குவது, அப்புறம் ஒரே ஒரு மாடி என்று பயிற்சி தருகிறார்கள். தெரபிஸ்டின் அறையில் பேசுவது கொஞ்சம். மீதி வேலை வெளியே, இந்தப் பயிற்சியில்தான் நடக்கிறது.

ட்ராமா, அதாவது மனதை உலுக்கிய சம்பவத்தின் பாதிப்பு, உள்ளவர்கள் முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டியதில்லை. அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷாபிரோ 1980களின் இறுதியில் உருவாக்கிய ஈஎம்டிஆரில் (நினைவை மனதில் வைத்தபடி கண்களை இடவலமாக அசைக்கச் செய்யும் சிகிச்சை), நடந்ததை விலாவாரியாகச் சொல்லாமலேயே அந்த நினைவைக் கையாள முடியும்.

தம்பதியராகப் போகிறவர்கள் தெரபிஸ்டை நாட்டாமை ஆக்கிவிடுகிறார்கள். "யார் பக்கம் நியாயம்னு நீங்களே சொல்லுங்க!" அவர் பார்ப்பது வேறு: ஒருவர் துரத்தித் துரத்திக் கேட்கக் கேட்க, மற்றவர் போனுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்கிற அந்தச் சுழல். ஆனால் வீட்டில் அடியோ மிரட்டலோ இருந்தால் ஜோடியாக உட்காரவே கூடாது. அறைக்குள் மனம் திறந்து சொன்னதற்கு வீட்டில் அடி விழலாம். தனியாகப் போய்ச் சொல்லுங்கள், முதலில் பாதுகாப்பு.

கொஞ்சம் தெளிந்ததும் மனச்சோர்வு மாத்திரையைத் தானாக நிறுத்துபவர்களும் உண்டு. திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம். டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் அடுத்த அமர்வுவரை காத்திருக்காதீர்கள். அன்றே, அப்போதே யாரிடமாவது சொல்லி அவசர உதவி தேடுங்கள்.