பெஞ்சை எங்கே போடுவது? கூட்டாக நாடகம் போடும்போது நடக்கும் தவறுகள்

கல்லூரியில் முதல் தடவையாக இயக்குநர் என்று யாரும் இல்லாமல் ஒரு நாடகம் செய்தோம். எட்டுப் பேர், ஒரு பெஞ்ச், அரசு ஆஸ்பத்திரி வராந்தா. பெஞ்சை நடுவில் போடுவதா, ஓரத்தில் போடுவதா என்று முக்கால் மணி நேரம் பேசினோம். ஒருவர்கூட எழுந்து அதைத் தூக்கிப் போட்டுப் பார்க்கவில்லை. கடைசியில் ஹாலைப் பூட்ட வாட்ச்மேன் வந்து நின்றார். மறுநாள் இரண்டு விதமாகவும் போட்டு நடித்தே பார்த்தோம். பத்து நிமிஷம்தான் ஆனது. ஓரத்தில் போட்டபோது, உட்கார இடம் கிடைக்காதவர்கள் தானாகவே நடுவில் கூட்டமாக நின்றார்கள். காட்சியே அதுதான் என்று அப்போது தெரிந்தது. முதல்நாள் பேச்சில் யாரும் அதைச் சொல்லவில்லை.

நான் பார்த்தவரை கூட்டு நாடகத்தின் பெரிய தவறு, யோசனையை வாயால் நிரூபிக்கப் பார்ப்பது. வாதத்தில் ஜெயிப்பவர் பெரும்பாலும் நன்றாகப் பேசத் தெரிந்தவர்; யோசனை நல்லதா என்பது வேறு விஷயம். யார் எதைச் சொன்னாலும் "சரி, செய்து காட்டு" என்று விட்டுவிடுங்கள். மறுப்பவர் அவருடையதையும் செய்து காட்டட்டும். கூச்சத்தில் வாயே திறக்காத ஆட்களின் யோசனைகளும் இப்படித்தான் வெளியே வரும்.

எல்லோரும் சமம் என்றால் யாருமே முடிவெடுக்கக் கூடாது என்று எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. 1964-இல் தொடங்கிய பிரான்சின் தேயாத்ர் து சொலேய் குழு, கூட்டாக நாடகம் உருவாக்குவதற்கும் எல்லோருக்கும் ஒரே சம்பளம் என்பதற்கும் பேர்போனது. அங்கேயும் எதிரே உட்கார்ந்து பார்த்து இயக்க அரியான் முனுஷ்கின் இருந்தார். மேடையில் நிற்பவருக்கு மேடை தெரியாது. எனவே அந்தந்தக் காட்சியில் இல்லாத ஒருவரை வெளியே உட்கார வையுங்கள். அந்தக் காட்சிக்கு அவர் சொல்வதே முடிவு. போனில் வீடியோ எடுத்துக்கொள்ளலாமே என்பார்கள். எடுக்கலாம், ஆனால் அதில் அவரவர் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதே முனுஷ்கின் வாசலில் நின்று பார்வையாளர்களின் டிக்கெட்டைக் கிழித்து உள்ளே அனுப்புவார். நம் மாணவர் குழுக்களிலோ மேடை விளக்கு போடுவதும் சாமான் தூக்குவதும் ஜூனியர்கள் தலையில் விழும். சமம் என்றால் இந்த வேலைகளிலும் சமம்தான்.

வசனம் இல்லாத நேரத்தில் என்ன செய்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சிலர் மரம் மாதிரி நிற்பார்கள். சிலர் பின்னால் தனி நாடகம் நடத்துவார்கள். எங்கள் வராந்தாவில் ஓர் அம்மா டோக்கன் கிடைக்காமல் அழுதுகொண்டிருக்க, பின்னால் ஒருவன் கொசு அடித்துச் சிரிப்பு வாங்கினான் (நான்தான்). இரண்டுக்கும் காரணம் ஒன்றே: அடுத்தவரைக் கவனிக்காதது. இதற்கு ஒரு பழைய பயிற்சி உண்டு. வட்டமாக நின்று, கண்ணை மூடி, வரிசை எதுவும் பேசிக்கொள்ளாமல் ஆளுக்கொரு எண்ணாக 1 முதல் 20 வரை சொல்ல வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. முதல் நாள் 7 தாண்டுவதே பெரும்பாடு. தினமும் ஒத்திகைக்கு முன் செய்துவந்தால் அடுத்தவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்க ஆரம்பிக்கும்.

அப்புறம் நோட்டுப் புத்தகம். திங்கட்கிழமை ஒத்திகையில் தானாக வந்து விழுந்த அருமையான வசனம் வியாழக்கிழமை யாருக்கும் நினைவிருக்காது. எழுதுவதற்கென்று ஒருவர் வேண்டும். யார் எந்தப் பக்கம் நின்றார் என்பது வரைக்கும்.

கடைசியாக, மனம் நோகுமே என்று எல்லோருடைய யோசனையையும் உள்ளே வைத்துக்கொள்வது. எங்கள் இருபது நிமிஷ நாடகம் அப்படித்தான் நாற்பதைத் தொட்டது. பிறகு வெட்ட உட்கார்ந்தோம். முதலில் போனது கொசு. இரண்டு நாள் நான் யாரோடும் பேசவில்லை.