மார்ச் நெரிசல்: பிறந்தநாள், பள்ளி விழா, பயணம் ஒன்றாக வரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல் பாதி வரை, பிள்ளைகள் இருக்கும் வீட்டுக் காலண்டரில் வெள்ளை இடமே இருக்காது. இரண்டு பிறந்தநாள், ஒரு ஆண்டு விழா, ஒரு அறிவியல் கண்காட்சி, நடுவில் ஒரு பயணம். இரண்டு விழா ஒரே தேதியில் விழுந்தால் உடனே தெரிந்துவிடும்; பேசிச் சரிசெய்துகொள்ளலாம். கண்ணில் படாமல் மோதிக்கொள்பவை, விழாவுக்கு முந்தைய வேலைகளும் பிந்தைய அலுப்பும்தான். சனிக்கிழமை பிறந்தநாள், ஞாயிறு காலை விமானம் என்று எழுதிப் பார்த்தால் இரண்டும் தனித்தனி நாள். ஆனால் பெட்டி கட்ட வேண்டியது சனி ராத்திரி. வீட்டை ஒதுங்கவைக்க வேண்டியதும் அதே ராத்திரிதான்.

விழா நாளை மட்டும் குறித்து வைப்பது

இந்தப் பருவத்தில் நடக்கும் குழப்பங்களில் பாதிக்கு இதுதான் வேர். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் காலண்டரில் மூன்று குறிப்பு வேண்டும்: முடிவெடுக்க வேண்டிய நாள், வேலை தொடங்க வேண்டிய நாள், அப்புறம்தான் விழா நாள்.

அறிவியல் கண்காட்சிக்கு விதை முளைப்பதைக் காட்டப் போகிறார்கள் என்று வையுங்கள். மண்ணில் போட்ட விதை தலைகாட்ட 5 முதல் 10 நாள் ஆகும். முதல் தொகுதி தண்ணீர் அதிகமாகி அழுகிப்போனால் இரண்டாவது தொகுதிக்கும் அதே காலம் வேண்டும். ஆக, கண்காட்சிக்கு மூன்று வாரம் முன்பே விதை மண்ணில் இருக்க வேண்டும். முந்தின வாரம் தொடங்கினால் அட்டையில் ஒட்டிய படம்தான் மிஞ்சும்.

பிறந்தநாள் அழைப்பு மூன்று வாரம் முன்னால் போகட்டும். வருகிறார்களா என்ற பதிலுக்கு ஒரு கடைசி நாள் சொல்லுங்கள், அது விழாவுக்கு ஒரு வாரம் முன்பாக இருக்கட்டும். கேக்கின் எடை, சாப்பாட்டின் அளவு, பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பும் பரிசுப் பை எல்லாமே அந்த எண்ணிக்கையை நம்பித்தான் இருக்கின்றன. அழைப்பிலேயே ஒவ்வாமை உண்டா என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள். பந்தியில் உட்கார்ந்த பிறகு வேர்க்கடலை ஆகாது என்று தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

மேடை உடுப்பை விழாவன்று காலையில் முதல்முறையாக மாட்டுவது இன்னொரு பழைய தவறு. பத்து நாள் முன்பே போட்டுவிட்டு, நிற்கச் சொல்வதோடு நிறுத்தாமல் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள், சம்மணம் போட்டு உட்காரச் சொல்லுங்கள், படி ஏறச் சொல்லுங்கள். கிழிவது பெரும்பாலும் அக்குளிலும் இடுப்புக்குக் கீழேயும்தான். நிற்கும்போது அது தெரியாது.

வெளிநாட்டுப் பயணத்துக்குத் தடுப்பூசி தேவைப்பட்டால் மருத்துவரை 4 முதல் 6 வாரம் முன்பே பார்க்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும். இதில் கெஞ்சிப் பயனில்லை.

பிப்ரவரிப் பக்கத்தைப் பார்த்து மார்ச்சுக்குத் திட்டமிடுவது

பிப்ரவரிக்கு 28 நாள் இருக்கும் ஆண்டுகளில், பிப்ரவரியும் மார்ச்சும் ஒரே கிழமையில் தொடங்கும். 2026இல் பிப்ரவரி 14 சனி, மார்ச் 14உம் சனி. வேறு மாதமாக இருந்தால் தேதிக்கும் கிழமைக்கும் பொருந்தாமல் தவறு உடனே தெரிந்துவிடும். இந்த இரண்டு மாதங்களில் மட்டும் தெரியாது. சுற்றறிக்கையில் ‘14, சனிக்கிழமை’ என்று மட்டும் இருந்தால் எந்த மாதம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2027இலும் இதே கதைதான். 2028 லீப் ஆண்டு என்பதால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் பிப்ரவரி 29இல் பிறந்த பிள்ளை இருந்தால், ‘ஆண்டுதோறும்’ என்று வைத்த நினைவூட்டல் சில செயலிகளில் லீப் ஆண்டில் மட்டுமே ஒலிக்கும். 28ஆம் தேதிக்குத் தனியாக ஒன்று போட்டுவிடுவது நல்லது.

கைபேசிக் காலண்டரில் விமான நேரத்தை எழுதும்போது, புறப்படும் நேரத்துக்குப் புறப்படும் ஊரின் நேர மண்டலத்தையும், இறங்கும் நேரத்துக்கு இறங்கும் ஊரின் நேர மண்டலத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டு நேரமாகவே இரண்டையும் அடித்துவிட்டால், அங்கே போய் இறங்கியதும் கைபேசி தானாக எல்லாவற்றையும் நகர்த்திக் காட்டும். திரும்பும் விமானத்தைத் தவறவிடுவதற்கு இது ஒரு சுலபமான வழி.

கடிகார மாற்றத்தை மறப்பதும் இந்த மாதத்துக்கே உரியது. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு, ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும். 2026இல் அவை மார்ச் 8, மார்ச் 29. இடைப்பட்ட மூன்று வாரமும் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் 5 மணி நேர வித்தியாசம் இல்லை, 4தான். தாத்தா பாட்டியோடு வீடியோ அழைப்பில் கேக் வெட்டுவதாக இருந்தால் வழக்கமான கணக்கை நம்பாதீர்கள். கடிகாரத்தையே மாற்றாத நாட்டில் இருப்பவர்களுக்கும் இதே பாடுதான், எதிர்முனை மாறிவிடுகிறதே.

பிறந்தநாளையும் பயணத்தையும் தனித்தனியாகப் பார்ப்பது

இரண்டும் ஒரே மாதத்தில் வந்தால், பிள்ளையின் வயது பயணத்தின் நடுவிலேயே மாறும். விமான நிறுவனங்கள் பொதுவாக 2 வயது நிரம்பாத குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள விடும். 2 முதல் 11 வரை சிறுவர் கட்டணம். 12 ஆனால் பெரியவர் கணக்கு. கவனிக்க வேண்டியது, வயதைப் பதிவு செய்யும் நாளில் பார்க்க மாட்டார்கள், பறக்கும் நாளில்தான் பார்ப்பார்கள். போகும்போது ஒரு வயது பதினொரு மாதம், அங்கே கேக் வெட்டிவிட்டுத் திரும்பும்போது இரண்டு வயது மூன்று நாள் என்றால், திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை வேண்டும். பதிவு செய்யும் தளங்கள் சில சமயம் இதைப் பிடிக்காமல் விட்டுவிடும், கவுண்டரில் பிடித்துவிடுவார்கள். அப்போது இருக்கை காலியாக இருக்குமா என்பது அதிர்ஷ்டம்.

அடுத்தது பாஸ்போர்ட். பெரியவர்களுக்குப் பத்து ஆண்டு என்பது மனதில் பதிந்திருப்பதால், பல நாடுகளில் சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்குத்தான் என்பது மறந்துபோகும். காலாவதி ஜூலையில்தானே, ஏப்ரல் பயணத்துக்கு என்ன என்று தோன்றும். ஆனால் பல நாடுகள் இன்னும் ஆறு மாதம் மீதமிருக்க வேண்டும் என்று கேட்கின்றன. சில நாடுகள் அதை உள்ளே நுழையும் நாளிலிருந்து எண்ணும், சில வெளியேறும் நாளிலிருந்து. இறங்கும் நாட்டின் விதியோடு, நடுவில் மாறிச் செல்லும் நாட்டின் விதியையும் பாருங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளையை அழைத்துப் போவதாக இருந்தால், மற்றவரின் கையெழுத்திட்ட, நோட்டரி சான்றளித்த ஒப்புதல் கடிதமும் பிறப்புச் சான்றிதழ் நகலும் கைப்பையில் இருக்கட்டும்.

பரிசுகளை வண்ணத்தாள் சுற்றி எடுத்துப் போகாதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் பிரிக்கச் சொன்னால் பிரித்துத்தான் ஆக வேண்டும். தாளைச் சுருட்டிப் பெட்டியில் வைத்து, அங்கே போய்ச் சுற்றுங்கள். கயிற்றை இழுத்தால் வெடித்துக் காகிதம் தூவும் பார்ட்டி பாப்பர், மத்தாப்புக் குச்சி, ஹீலியம் சிலிண்டர் எதற்கும் விமானத்தில் இடமில்லை, சரக்குப் பெட்டியிலும்கூட. பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான் வர வேண்டும். 100 வாட்-அவர் வரை தனி அனுமதி தேவையில்லை. கணக்கு எளிது: மில்லி ஆம்பியர்-அவரை (mAh) 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் போதும். 20,000 என்று போட்டிருப்பது 74 வாட்-அவர்.

காரில் போகிறவர்களுக்கு

குளிர் முழுக்க விலகாத இந்த நாட்களில் நடக்கும் ஆபத்தான தவறு ஒன்று உண்டு. தடிமனான பஞ்சுக் கோட்டோடு குழந்தையைக் கார் இருக்கையில் உட்காரவைத்துப் பட்டையை இறுக்குவது. கைக்கு இறுக்கமாகத்தான் தெரியும். மோதலின்போது கோட்டுக்குள் இருக்கும் காற்று நசுங்கி, பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இடைவெளி விழும். குழந்தை அதன் வழியே நழுவலாம். கோட்டைக் கழற்றிவிட்டுப் பட்டையை மாட்டுங்கள். தோள் எலும்புக்குப் பக்கத்தில் பட்டையை இரண்டு விரலால் நெடுக்குவாக்கில் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் சிக்கினால் இன்னும் இறுக்க வேண்டும். அதற்குப் பிறகு கோட்டை முன்பக்கமாகத் திருப்பி, போர்வைபோலப் பட்டைக்கு மேலே போடலாம்.

வெப்பநிலை சுமார் 5.6 டிகிரி செல்சியஸ் குறைந்தால் டயர் அழுத்தம் 1 பிஎஸ்ஐ அளவுக்கு இறங்கும். வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, டயர் சூடாவதற்கு முன் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும்.

பார்ட்டிக்கும் பயணத்துக்கும் நடுவே இடம் விடாதது

பிள்ளைகள் கூடும் இடத்தில் வயிற்றுக் கோளாறு பரவும். நோரோ வைரஸ் தொற்றினால் 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். சனிக்கிழமை மாலை பார்ட்டி, திங்கள் காலை விமானம் என்றால், சரியாக அந்த நேரத்தில்தான் பெட்டியோடு வாசலில் நின்றுகொண்டிருப்பீர்கள். குறைந்தது மூன்று நாள் இடைவெளி விட்டால், வர வேண்டியது வீட்டிலேயே வந்துவிடும். சின்னம்மைக்கு இந்தக் கணக்கு உதவாது. தொற்றியதிலிருந்து 10 முதல் 21 நாள் கழித்துத்தான் கொப்புளம் தெரியும். வகுப்பில் யாருக்காவது வந்திருந்தால், பயண நாளை அந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விழாவை விடக்கூடாது என்று காய்ச்சல் மாத்திரை கொடுத்துப் பிள்ளையை மேடைக்கு அனுப்புவதும் நடக்கிறது. மருந்தில்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் நின்றபின் 48 மணி நேரம்.

பிறந்தநாள் அன்று

ஹீலியம் அடைத்த 11 அங்குல ரப்பர் பலூன் அரை நாளைத் தாண்டினாலே தொய்ய ஆரம்பிக்கும். முந்தின ராத்திரி அடைத்தால் மறுநாள் மாலை தரையில் உருளும். தகடு (ஃபாயில்) பலூன் பல நாள் தாங்கும், ஆனால் குளிரில் சுருங்கும். சுருங்கிவிட்டதே என்று இன்னும் காற்று அடைத்தால், வெயிலில் நிற்கும் காருக்குள் வெடிக்கும். வெடித்த ரப்பர்த் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளின் தொண்டையை முழுதாக அடைத்துவிடக் கூடியவை அவை.

கேக்கை வீட்டிலேயே செய்கிறவர்கள் அடிக்கேக்கை இரண்டு வாரம் முன்பே சுட்டு, முழுக்க ஆறவிட்டு, இரண்டு சுற்று உறையிட்டு ஃப்ரீசரில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிப்பதுதான் தவறு. உறையோடு இரண்டு மூன்று மணி நேரம் விட்டால் ஈரம் உறையின் மேல் படியும். பிரித்துவிட்டால் கேக்கின் மேல் படிந்து பிசுபிசுக்கும். காரில் கொண்டு போகும்போது மடியிலோ இருக்கையிலோ வைக்காதீர்கள். இருக்கை பின்பக்கம் சாய்ந்திருப்பதால் அடுக்குக் கேக் வழுக்கும். சமதளமான டிக்கித் தரை நல்லது. க்ரீம் கேக்கை வெளியே வைக்கும் நேரம் மொத்தம் இரண்டு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம்.

ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரப் பார்ட்டி தாராளம். அதற்கு மேல் போனால் அழுகைதான். அண்ணன் தங்கைக்குச் சேர்த்துக் கொண்டாடலாம், செலவு குறையும். ஆனால் கேக்கும் பாட்டும் தனித்தனியாக இருக்கட்டும். பெரியவர்களுக்கு இது சில்லறை விஷயம், பிள்ளைகளுக்கு அப்படி இல்லை.

ஆண்டு விழா அரங்கில்

பிள்ளை மேடையேறும் நொடியில் ‘இடமில்லை’ என்று கைபேசி சொல்லும். 4கே தரத்தில் நொடிக்கு 30 படம் என்றால், சிக்கனமான வடிவத்தில்கூட ஒரு நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி பிடிக்கும். 40 நிமிடத்துக்கு 7 ஜிபி நெருங்கிவிடும். 1080 தரத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு போதும், வீட்டில் பார்க்க அதுவே நிறைவாக இருக்கும். ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள், மூன்று நான்கு மீட்டருக்கு அப்பால் அது எட்டாது, முன்வரிசைத் தலைகளைத்தான் வெளுக்கவைக்கும். இருட்டரங்கில் கைபேசி மேடை வெளிச்சத்தைத் தப்பாகக் கணித்து முகத்தை வெள்ளைத் திட்டாக்கும். பிள்ளையின் முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்தால் சரியாகும்.

ஒரே மாலையில் இரண்டு பிள்ளைகளுக்கும் நிகழ்ச்சி வந்தால், யார் எங்கே போவது என்று ஒரு வாரம் முன்பே முடிவு செய்து பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். இரண்டையும் பார்த்துவிடலாம் என்று நடுவில் கிளம்பி ஓடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் தவறவிடுகிறார்கள்.

திரும்பி வரும் நாள்

விடுமுறையின் கடைசி மணி நேரம்வரை இழுத்து, ஞாயிறு நள்ளிரவு வீடு வந்து சேர்வதுபோலப் பதிவு செய்வது பலரும் விரும்பிச் செய்யும் தவறு. நேர மண்டலம் மாறியிருந்தால், தோராயமாக ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்று உடம்பு கேட்கும். சனிக்கிழமையே வந்துவிட முடிந்தால் வந்துவிடுங்கள். முடியாவிட்டால், கிளம்பும் முன்பே திங்கட்கிழமைக்கான பள்ளிப் பை, சீருடை, காலுறை, கையெழுத்துப் போட்ட படிவங்கள் எல்லாவற்றையும் ஒரே நாற்காலியில் எடுத்து வைத்துவிட்டுக் கதவைப் பூட்டுங்கள்.