மூடுலில் கணினித் தேர்வு: 60 பேர் உட்காரும் ஆய்வகத்தைத் தயார் செய்வது எப்படி?

மூடுல் (இணையவழியில் பாடமும் தேர்வும் நடத்தும் மென்பொருள்) சர்வர் ஓடுகிறது, வினா வங்கியும் தயார் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பதிவு அதற்குப் பிறகான வேலையைப் பற்றியது: பல்கலைக்கழகத்தின் சாதாரணக் கணினி ஆய்வகத்தை, தேர்வு நேரத்தில் வேறெந்த ஜன்னலும் திறக்க முடியாத மையமாக மாற்றுவது. கணினிகளில் விண்டோஸ் இருக்க வேண்டும். நாம் பயன்படுத்தப்போகும், தேர்வுப் பக்கம் தவிர மற்றதைப் பூட்டிவிடும் சேஃப் எக்ஸாம் பிரௌசருக்கு (சுருக்கமாக எஸ்.இ.பி.) லினக்ஸ் பதிப்பு கிடையாது.

1. கணினிகள்

60 மாணவர்களுக்கு 66 கணினிகளை ஓட வைத்திருங்கள். கூடுதலான ஆறும் வரிசைக்கு ஒன்றாக இருக்கட்டும். ஒரே மூலையில் இருந்தால் தேர்வு நடுவில் இடம் மாற்றும்போது அறையே கலையும். பயாஸில் (கணினியைத் தொடக்கும் அடிப்படை அமைப்பு) யு.எஸ்.பி. வழி பூட் ஆவதை நிறுத்திக் கடவுச்சொல் போடுங்கள். விண்டோஸ் அப்டேட்டை ஒரு வாரத்துக்கு நிறுத்திவையுங்கள்.

எல்லாக் கணினியிலும் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டும் சிமாஸ் பேட்டரி (சி.ஆர். 2032, நாணய வடிவம்) தீர்ந்த பழைய கணினியில் தேதி பல ஆண்டு பின்னால் போயிருக்கும். அப்போது மூடுல் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரௌசர் மறுத்துவிடும். பார்க்கிறவர்கள் நெட்வொர்க் கோளாறு என்று கேபிளை மாற்றிக்கொண்டிருப்பார்கள். பத்து பேட்டரி வாங்கி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. எஸ்.இ.பி.: எல்லோரும் தடுக்கி விழும் இடம்

மூடுல் 3.9 முதல் வினாடி வினா அமைப்புகளுக்குள்ளேயே எஸ்.இ.பி. பகுதி இருக்கிறது. சரியான எஸ்.இ.பி. வழியாகத்தான் மாணவர் நுழைகிறாரா என்று மூடுல் சரிபார்க்க, அதில் இரண்டு விதச் சாவிகள் (குறியீடுகள்) உண்டு: பிரௌசர் எக்ஸாம் கீ, கான்ஃபிக் கீ. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் பலர் முதலாவதை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அது எஸ்.இ.பி. மென்பொருளின் பதிப்பையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. ஐம்பது கணினியில் ஒரு பதிப்பும் பத்தில் வேறு பதிப்பும் இருந்தால், அந்தப் பத்து மட்டும் தேர்வுக்குள் நுழையாது. அமைப்புகள் எல்லாம் ஒன்றாகவே தெரிவதால் காரணம் லேசில் பிடிபடாது.

கான்ஃபிக் கீ அமைப்புகளை மட்டும் வைத்து உருவாவது. பதிப்பு மாறினாலும் மாறாது. ஆகவே மூடுலில் "கைமுறையாக அமை" என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். கான்ஃபிக் கீயை மூடுலே பார்த்துக்கொள்ளும், நீங்கள் எதையும் ஒட்ட வேண்டியதில்லை.

கட்டமைப்புக் கோப்பைப் பதிவிறக்கி ஒவ்வொரு டெஸ்க்டாப்பிலும் வைப்பது இன்னொரு தவறு. அதன்பின் மூடுலில் ஒரே ஒரு டிக்கை மாற்றினாலும் பழைய கோப்பு செல்லாது. மாணவர் சாதாரண பிரௌசரில் மூடுலுக்குள் போய், தேர்வுப் பக்கத்தில் உள்ள எஸ்.இ.பி. பொத்தானை அழுத்தட்டும். எஸ்.இ.பி. திறந்ததும் மறுபடி உள்நுழையச் சொல்லும். இதை முன்பே அறிவியுங்கள். கடவுச்சொல் மறந்தவர்கள் இங்கேதான் சிக்குவார்கள்.

வெளியேறும் கடவுச்சொல் கட்டாயம் வையுங்கள். அது கண்காணிப்பாளர்களிடம் மட்டும் இருக்கட்டும்.

3. நெட்வொர்க்

வினாடி வினா அமைப்புகளில் உள்ள கூடுதல் கட்டுப்பாடுகளில் ஆய்வகத்தின் ஐ.பி. (நெட்வொர்க் முகவரி) வரம்பைக் கொடுங்கள் (எடுத்துக்காட்டாக 192.168.20.0/24). விடுதியிலிருந்து யாரும் நுழைய முடியாது. கொடுக்கும் முன் ஆய்வகக் கணினியிலிருந்து ஒருமுறை உள்நுழைந்து, மூடுல் பதிவேட்டில் எந்த ஐ.பி. விழுகிறது என்று பாருங்கள். நடுவில் பிராக்ஸி (எல்லோர் சார்பிலும் இணைப்பை ஏற்படுத்தும் இடைச் சர்வர்) இருந்தாலோ, சர்வர் வளாகத்துக்கு வெளியே இருந்தாலோ எல்லோரும் ஒரே முகவரியில் தெரிவார்கள். அந்த நிலையில் இந்தத் தடையால் பயனில்லை.

4. மின்சாரம்

கணினியும் திரையும் சேர்ந்து சுமார் 150 வாட். 66-க்கு ஏறத்தாழ 10 கிலோவாட். 0.8 பவர் ஃபேக்டருக்கு 12.5 கே.வி.ஏ. (யு.பி.எஸ். திறனைச் சொல்லும் அலகு); 15 கே.வி.ஏ. யு.பி.எஸ். இருந்தால் நிம்மதி. ஏ.சி.யையும் பிரிண்டரையும் அதில் மாட்டவே கூடாது.

நெட்வொர்க் சுவிட்ச் எந்த பிளக்கில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். கணினிகள் எல்லாம் யு.பி.எஸ்.ஸில் இருக்க, சுவிட்ச் மட்டும் சுவரிலுள்ள சாதாரண பிளக்கில் இருப்பது மிகச் சாதாரணம். கரண்ட் போனால் திரைகள் அணையாமல் இருக்கும், ஆனால் விடைகள் சர்வருக்குப் போகாது. தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு 66 கணினியிலும் மாதிரித் தேர்வை ஓடவிட்டு, மெயினை அணைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். இந்த ஒத்திகையைச் செய்யாத மையத்தைத் தயாரான மையம் என்று சொல்ல மாட்டேன்.

தேர்வு நடுவில் ஒரு கணினி அணைந்துவிட்டால் பதற வேண்டாம். மூடுல் இயல்பாக நிமிடத்துக்கு ஒருமுறை விடைகளைச் சேமிக்கும். மாற்றுக் கணினியில் உட்கார்ந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் கடிகாரம் நிற்காது. இழந்த நிமிடங்களை எழுதி வைத்து, அந்த மாணவருக்கு மட்டும் தனி விலக்கில் (ஒருவருக்கு மட்டும் தேர்வு அமைப்பை மாற்றும் மூடுல் வசதி) நேரம் கூட்டுங்கள். அணைந்த கணினியை மறுபடி இயக்கியதும், எஸ்.இ.பி. முடக்கியிருந்த டாஸ்க் மேனேஜர் முடங்கியே கிடந்தால், எஸ்.இ.பி.யுடன் வரும் ரீசெட் கருவியை ஓட்டினால் சரியாகும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

*கூடுதல் நேரம் கொடுத்தும் தேர்வு பழைய நேரத்திலேயே முடிந்துவிட்டது.* கால அளவை மட்டும் கூட்டியிருப்பீர்கள். தேர்வு மூடும் நேரத்தையும் தள்ளிவைக்க வேண்டும். இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதில் தேர்வு முடிந்துவிடும். சொல்வதை எழுதுபவர் துணையோடு எழுதும் மாற்றுத்திறனாளி மாணவருக்கு மணிக்கு 20 நிமிடம் தர வேண்டும். 3 மணித் தேர்வென்றால் கால அளவு 4 மணி, மூடும் நேரமும் ஒரு மணி பிந்தி.

*தமிழில் தட்டச்சு வரவில்லை.* எஸ்.இ.பி. தனக்கென்று புதிய டெஸ்க்டாப் திறந்து ஓடும்போது, பின்னணியில் ஓடும் தனித் தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் அங்கே வேலை செய்யாமல் போகலாம். விண்டோஸிலேயே உள்ள தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்த்து, மூடுலில் விசைப்பலகைத் தேர்வைக் காட்டும் அமைப்பை "ஆம்" என்று வையுங்கள். மாதிரித் தேர்வில் ஒரு தமிழ்ப் பத்தி எழுதவைத்துச் சோதியுங்கள்.